இடது பக்கம்

பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார்
டாக்டர் ஃப்ரெனி.
செம்பூர், இரண்டாம் மாடி, கண்ணாடிக் கதவு.
பத்து வருடம் முந்தியது, ஃபிலிம் என்றேன்.
எதுவானாலும் கொண்டு வாருங்கள்,
பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பீரோவின் மேல்தட்டில்
ரேஷன் கார்டுக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவே
அந்தப் பழுப்பு உறை.
எஸ்தர் செல்வகனி, 38, பெண்.
உள்ளே நான்கு படம் இருக்க வேண்டும்.
வலது இரண்டு. இடது ஒன்று.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
குர்லா ஸ்டேஷன் கவுண்டரில்
சில்லறை எண்ணுகிற கை, தப்பாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
2010 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை.
தாராவியில் எங்கள் பில்டிங் மொட்டைமாடி முழுக்கப் பிள்ளைகள்.
ஒன்பது வயது ஆல்வின்
கிரகணம் பார்க்க எக்ஸ்ரே வேண்டுமென்று பீரோவைக் குடைந்து
கைக்குச் சிக்கியதை உருவிக்கொண்டு ஓடினான்.
பொன்னையா வீட்டிலிருந்து ஒரு கால் எலும்பு,
ஷேக் வீட்டிலிருந்து நெஞ்சுக்கூடு,
எங்கள் வீட்டிலிருந்து இது.
நான்காக வெட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான்,
ஆளுக்கு ஒரு ரூபாய்.

அந்த மாடியே அன்று
என் வழியாகச் சூரியனைப் பார்த்திருக்கிறது.
மேகம் மாதிரி இருக்கு ஆன்ட்டி, என்றாள் ஒரு சிறுமி.
கண் கெட்டுப்போகும், கீழே போடு என்று அதட்டினேன்.
எந்தப் படம் என்று பார்க்கவில்லை.

ஃபிலிம் எடுத்த நாளில்
இருட்டறையிலிருந்து வரும்வரை கவுனோடு உட்கார வைத்தார்கள்.
வெளிறிப்போச்சு, இன்னொரு தடவை என்றார்கள்.
மறுபடி தட்டு இறங்கியது.
விளக்குப் பெட்டியில் செருகி, லென்ஸ் பிடித்துப் பார்த்து
அந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.
இறுகின மார்பு. வெள்ளைக்குள் வெள்ளை.
அரிசி மாவில் ஒரு கல் உப்பு விழுந்தால்
யார் கண்ணில் படும்?
ஒன்றுமில்லை என்றுதான் எழுதினார்.
ஒன்றுமில்லையா, ஒன்றும் தெரியவில்லையா
என்று நான் கேட்டிருக்கலாம்.
அன்று எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட்.

இப்போது வைஷாலி
அக்குள் பவுடரைத் துடைத்துவிட்டு வரச் சொல்கிறாள்,
பவுடரும் படத்தில் புள்ளியாக விழுமாம்.
தட்டு என்னவோ அதே தட்டுதான்,
அதே குளிர், அதே ஸான்ஸ் ரோக்கோ.
நிமிர்வதற்குள் திரையில் நான்.

டாக்டர் மவுஸை உருட்ட
வெள்ளை சாம்பலாகிறது,
சாம்பல் இழை இழையாகப் பிரிகிறது.
இடது பக்கம், அக்குளை ஒட்டின மூலையில்
ஐந்தாறு புள்ளி, ரவை சிந்தின மாதிரி.

வயதானவர்களுக்கு இரண்டு மெஷினும் ஏறக்குறைய ஒன்றுதான்,
உங்களைப் போல ஐம்பதுக்குள் இருப்பவர்களுக்கு
இது கூடுதலாகக் காட்டும் என்றார்.
அன்றே இருந்து ஃபிலிமுக்குப் பிடிபடாமல் போயிருக்கலாம்.
அன்று இல்லாமலே இருந்திருக்கலாம்.
மேலிருந்து எடுத்த படத்தில் அந்த மூலை விழவில்லை.
சாய்வாக எடுத்தது எங்கே?

சூரியன் பார்க்கப் போச்சு, என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பிறகு மாட்டிக்கொண்டு
ஊசிச் சோதனைக்குத் தேதி எழுதினார், புதன்கிழமை.

ராத்திரி ஆல்வின் புனேயிலிருந்து பேசினான்.
டிசம்பரில் இன்னொரு கிரகணம் வருதும்மா,
இந்தத் தடவை ஒழுங்கான கண்ணாடி வாங்கிட்டேன்.
நல்லது, என்றேன். சாப்பிட்டியா, என்றேன்.

இந்த முறை உறை இல்லை, ஒரு சி.டி.
அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் கிடையாது.
எங்கள் பில்டிங்கில் சி.டி. எல்லாம்
ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்குகிறது,
புறா விரட்ட.
பேனாவால் அழுத்தி எழுதினேன் கவர் மேல்:
அம்மா. 2019. நான்கு படம்.
புறாவுக்கு இல்லை.